வீட்டை நடத்துதல்: டோ ஹோ சூவின் துணி வீடுகளும் வாடகைச் சுவர்களும்

டோ ஹோ சூ (பிறப்பு: 1962, சோல்) தென்கொரியாவைச் சேர்ந்த நிறுவல் கலைஞர். தான் குடியிருந்த வீடுகளை மெல்லிய துணியில், உண்மையான அளவிலேயே தைத்து நிறுத்துபவர். பார்வையாளர்கள் அந்தத் துணி அறைகளுக்குள் நடந்து செல்லலாம். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2025 மே 1 அன்று தொடங்கி அக்டோபர் வரை நடந்த ‘வாக் தி ஹவுஸ்’ என்னும் காட்சி, அவருடைய முப்பதாண்டு வேலைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்தது. அந்த வேலைகளை, வீட்டு அலங்காரமும் ரசனையும் யாருக்கு உரியவை என்ற கேள்வியோடு, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் நின்று பார்க்கிறது இக்கட்டுரை.

லண்டன் காட்சியை இங்கிருந்து பார்க்க ஒரு காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. முழுப்பெயர் ‘தி ஜெனிசிஸ் எக்சிபிஷன்: டோ ஹோ சூ: வாக் தி ஹவுஸ்’. ஜெனிசிஸ் என்பது ஹூண்டாய் குழுமத்தின் சொகுசுக் கார் பிராண்டு. நிதி ஆதரவு தந்ததால் கலைஞரின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் 2015 முதல் வைக்கப்படும் பெரிய நிறுவல்களுக்கும் ‘ஹூண்டாய் கமிஷன்’ என்றுதான் பெயர். அதே ஹூண்டாய் 1996இல் இந்திய நிறுவனத்தைத் தொடங்கி, 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே அனுப்பியது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த பகுதி சிப்காட் வளாகங்களின் வரிசையாக மாறியதில் அந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜெனிசிஸ் கார்கள் இங்கே செய்யப்படுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் உழைத்த காசில்தான் லண்டனில் துணி வீடு நின்றது என்று நேர்கோடு போடுவது மலிவான வாதம். இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. சூவின் பெரும்பாலான வீடுகள் வாடகை வீடுகள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊர் விட்டுப் போனவன், அடுத்தவருக்குச் சொந்தமான சுவர்களுக்குள் இருந்த காலத்தைப் பற்றியவை. ஒரகடத்திலும் மாத்தூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் குடியிருக்கும் பெரும்பாலோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீடு நடக்கும் விதம்

கொரியாவின் மரபு வீட்டுக்கு ‘ஹனோக்’ என்று பெயர். மரத்தூண்களும் விட்டங்களும் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டப்படுவதால் அதைக் கழற்றி, வேறிடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி பூட்டலாம். வீட்டை நடக்கவைப்பது என்று இதைச் சொல்லும் வழக்கம் கொரியத் தச்சர்களிடம் இருந்தது. காட்சியின் தலைப்பு அங்கிருந்து வந்தது. தமிழில் இதை ‘வீட்டை நடத்துதல்’ என்று பெயர்த்தால் இன்னொரு பொருளும் கூடவே வந்துவிடுகிறது: மாதக் கடைசிவரை அரிசி, பால், வாடகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவது. சூவின் கலையில் முதல் பொருள் நிறைய இருக்கிறது, இரண்டாவது மிகக் குறைவு. அந்தக் குறை பின்னால் முக்கியமாகும்.

அவர் முதலில் தைத்த பெரிய வீடு, வளர்ந்த சோல் வீடு. அவருடைய தந்தை சூ சே-ஓக் (1929–2020) கொரியாவின் பெயர்பெற்ற மை ஓவியர். 1970களில் கொரியா பழைய கூரைகளைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் ஓடு போட்டுக்கொண்டிருந்தது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் இவர் 19ஆம் நூற்றாண்டின் அரண்மனை வளாகத்தில் இருந்த ஓர் அறிஞர் வீட்டை மாதிரியாக வைத்து, நகரத்துக்குள் ஒரு ஹனோக் கட்டினார். ஊரெல்லாம் ‘மாடர்ன்’ ஆகும்போது பழையதைக் கட்டுவது பிடிவாதம். காசும் தைரியமும் உள்ளவரின் ரசனை. மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு நியூயார்க்கின் இரைச்சலில் தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவில் வந்தது அந்த அமைதியான அறை. 1999இல் அதை வெளிர் பச்சைப் பட்டில் தைத்தார். கொரிய மரபு உடை தைப்பவர்களின் தையல் முறையில் செய்த அந்த வீட்டை மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். ‘சோல் ஹோம்/எல்.ஏ. ஹோம்’ என்று தொடங்கிய அதன் பெயரோடு, காட்டப்படும் ஒவ்வொரு நகரத்தின் பெயரும் சேர்ந்துகொண்டே போகிறது. ரயில் பெட்டியின் பக்கவாட்டுப் பலகை போல நீளும் பெயர்.

அடுத்து அவர் தைத்தது நியூயார்க்கில் 22ஆம் தெருவில் வாடகைக்கு இருந்த வீடு. 1997 முதல் 2016 வரை அங்கே இருந்தார். இதுதான் அவருடைய கலையில் உண்மையான திருப்பம் என்பது இக்கட்டுரையின் கருத்து. முதல் வீட்டில் தந்தையின் ரசனை இருந்தது: கதவுச் சட்டங்களின் கோலம், கூரையின் வளைவு, ஒவ்வொன்றும் யோசித்துத் தேர்ந்தவை. இரண்டாவது வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. சாதாரண அறை, சாதாரணக் கதவு, குழாய், வெப்பமூட்டும் கருவி. அழகுக்காக யாரும் செய்யாத பொருட்கள். அவற்றையும் அதே சிரத்தையோடு தைத்தார். ஒரு சுவிட்சின் நுனி, தாழ்ப்பாளின் திருகு, குழாயின் மேல் இருக்கும் எழுத்து வரை ஊசி போய்வந்திருக்கிறது.

வீட்டுக்காரரின் ரசனை

வீட்டு அலங்காரத்தைப் பற்றிய நவீனக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் ரிச்சர்ட் ஹாமில்டன், பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டி ஒரு வரவேற்பறையைச் செய்தார். டேப் ரெக்கார்டர், டிவி, டப்பா இறைச்சி, உடற்பயிற்சி உடம்பு எல்லாம் அதில் இருந்தன. இன்றைய வீடுகள் இவ்வளவு கவர்ச்சியாக இருக்க எது காரணம் என்று கேட்கும் நீண்ட தலைப்பு அதற்கு. 1963இல் கிளாஸ் ஓல்டன்பர்க், போலி வரிக்குதிரைத் தோலும் போலிப் பளிங்கும் கொண்ட ஒரு படுக்கையறையைச் செய்தார். மார்த்தா ராஸ்லர் 1960களின் இறுதியில் அழகிய அமெரிக்க வீடுகளின் படங்களுக்குள் வியட்நாம் போரை ஒட்டினார். 2009 வெனிஸ் பினாலேயில் எல்ம்கிரீனும் டிராக்செட்டும் டென்மார்க், நோர்டிக் நாடுகளின் அரங்குகளைக் கலைப்பொருள் சேகரிப்பாளர்களின் வீடுகளாக மாற்றினார்கள். இவற்றில் பொதுவானது ஒன்று: வீட்டில் இருப்பவர் பொருட்களை வாங்குகிறார், அந்தப் பொருட்கள் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. கேலியோ விமர்சனமோ, வாங்கியவரின் ரசனை மேல்தான் விழுகிறது.

சூவின் துணி வீடுகளில் சோபா இல்லை. திரைச்சீலை இல்லை, சுவரில் படம் இல்லை, அலமாரியில் பொம்மை இல்லை. குடியிருந்தவர் வாங்கிவைத்த எதுவும் இல்லை. அவர் வருவதற்கு முன்பே இருந்து, அவர் போன பிறகும் இருக்கப்போகிறவை மட்டுமே உண்டு: சுவர், கதவு, பிடி, சுவிட்ச், பிளக் துளை, குழாய். 2013இல் செய்த ‘ஸ்பெசிமன்’ வரிசையில் குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, குளியல் தொட்டி ஆகியவை துணியில் தைக்கப்பட்டு, ஆய்வகத்தில் பாடம் செய்து வைத்த உயிரினங்கள் போலத் தனித்தனியாக நிற்கின்றன. குளிர்பதனப் பெட்டி சொந்தப் பொருள்தானே என்று இங்கே நமக்குத் தோன்றும். அமெரிக்க வாடகை வீட்டில் அடுப்பும் பிரிட்ஜும் பெரும்பாலும் வீட்டோடு வருபவை. அவையும் வீட்டுக்காரர் தேர்ந்தவைதான்.

ஆக, இந்த வீடுகளில் தெரிவது சூவின் ரசனை அல்ல. வீட்டுக்காரரின் ரசனை. அதையும் ரசனை என்று சொல்வது பெரிய வார்த்தை. வாடகைக்கு விடும் வீட்டுக்குக் குழாய் வாங்கும்போது ஒருவர் கடையில் எதைக் கேட்பாரோ அது. ‘வாடகைக்கு விடறதுக்கு இது போதும்’ என்ற கணக்கில் வாங்கியது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் வெளியான தம் நூலில், உழைக்கும் வர்க்கத்தின் ரசனையைத் தேவையால் வந்த ரசனை என்று விவரித்தார்: கிடைப்பதையே விரும்பப் பழகுவது. வாடகை அறையில் அது இன்னும் ஒரு படி கீழே போகிறது. அங்கே தேவையைக்கூட அடுத்தவர்தான் கணக்கிடுகிறார்.

2024இல் செய்த ‘பெர்ஃபெக்ட் ஹோம்’ இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைக்குக் கொண்டுபோகிறது. இப்போது குடியிருக்கும் லண்டன் வீட்டின் வெள்ளைத் துணிக் கோட்டுருவம். அதன் சுவர்களில், வாழ்நாள் முழுவதும் அவர் தொட்ட கைப்பிடிகள், சுவிட்சுகள், பிளக் துளைகள் தைத்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிறம். எந்த உயரத்தில் முன்பு இருந்தனவோ அதே உயரத்தில் இருக்கின்றன. ஒரு சுவரிலேயே பல ஊர்ச் சுவிட்சுகள் நெருக்கியடித்து நிற்கும். இருட்டில் கை தானாகப் போய்த் தேடும் இடம் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. புது வாடகை வீட்டில் முதல் வாரம் முழுக்கத் தவறான சுவரைத் தடவியவர்களுக்கு இது உடம்பால் புரியும் வேலை.

ஒரகடத்து அறையைத் தைத்தால்

இதே முறையில் இந்த வட்டாரத்தின் லைன் வீடு ஒன்றைத் தைப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக, முன்னால் ஒரு நடை, கடைசியில் பொதுக் கழிப்பறை. தையல்காரருக்கு அதிக வேலை இருக்காது. ஒரு சுவிட்ச் பலகை. ஃபேன் மாட்டும் கொக்கி. ஃபேன் பல இடங்களில் குடிவருபவர்தான் கொண்டுவர வேண்டும். ஒரு சிமென்ட் பரண். கம்பி போட்ட சிறிய ஜன்னல். தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் குழாயாக இருக்கும் ஒரு குழாய். அறைக்கு வெளியே சப்-மீட்டர், அதன் கீழே சாக்பீஸில் அறை எண். நியூயார்க் வீட்டில் வீட்டுக்காரரின் ரசனை ஓர் அருங்காட்சியகத்தை நிரப்பும் அளவுக்கு இருக்கிறது. இங்கே அதுவும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்.

அந்த அறைகளின் முதல் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: ஆணி அடிக்கக் கூடாது. ஏற்கெனவே அடித்த ஆணியில் காலண்டர் மாட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் கூலியை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள், ஆணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும். ஆகவே அலங்காரம் சுவரைத் தொடாமல் நடக்கிறது. பசை வைத்த பிளாஸ்டிக் கொக்கி, ஜன்னல் கம்பியிலிருந்து பரண் வரை இழுத்த கொடிக்கயிறு, பரண் மேல் சாய்த்துவைத்த சாமி படம், வாசலில் ஸ்டிக்கர் கோலம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையென்றால் நாலு மூலைக்கு நாலு பை. இதெல்லாம் காலி செய்யும் நாளில் அரை மணி நேரத்தில் கழன்று வந்துவிடும். ஹனோக் கழற்றப் பல நாளாகும்.

பக்கத்திலேயே வீட்டுக்காரரின் சொந்த வீடு இருக்கும். பல இடங்களில் அவர் ஒரு காலத்தில் விவசாயி. நிலம் போய்ப் பணம் வந்த பிறகு கட்டிய மாடி வீடு. முன்பக்கம் ‘எலிவேஷன்’, உள்ளே பால்ஸ் சீலிங், அதற்குள் நிறம் மாறும் எல்இடி பட்டை, சுவரில் திருப்பதி பெருமாள் அச்சிட்ட டைல்ஸ். ஸ்ரீபெரும்புதூரில் 2000இல் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை வந்தபின், முகப்புக் கண்ணாடிக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். முகம் சுளிக்க அதில் ஒன்றுமில்லை. ஒரு தலைமுறைக்குள் கிடைத்த காசு தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் எங்கும் இதுதான். கவனிக்க வேண்டியது வேறு. ஒரே மனிதர் தன் வீட்டுக்கு ஐந்து கடை ஏறி டைல்ஸ் தேர்கிறார், பத்தடி தள்ளி இருக்கும் லைன் வீட்டுக்கு ‘இது போதும்’ என்கிறார். அலங்காரத்தைப் பற்றிய கலை வழக்கமாக முதல் வீட்டைத்தான் பார்க்கும். சூ இரண்டாவதைப் பார்த்தார் என்பதே அவருடைய பெரிய பங்களிப்பு.

பார்த்தார், ஆனால் எப்படிக் காட்டினார் என்பதில்தான் தயக்கம் வருகிறது. மெல்லிய துணியில், விளக்கொளி ஊடுருவி நிற்கும்போது மலிவான தாழ்ப்பாளும் நகை போல மின்னுகிறது. யாரும் திரும்பிப் பார்க்காத பொருளுக்கு அது ஒரு மரியாதை, உண்மைதான். கூடவே ஈரச்சுவரின் வாடை போய்விடுகிறது, பக்கத்து அறையின் டிவிச் சத்தம் போய்விடுகிறது, மாதம் ஐந்தாம் தேதி போய்விடுகிறது. ‘நெஸ்ட்/ஸ்’ (2024) என்னும் வேலையில் வெவ்வேறு ஊர் அறைகள் வெவ்வேறு நிறத்தில் ஒன்றுக்குள் ஒன்று இணைந்து நீண்ட நடைபாதை ஆகின்றன. படமெடுக்க அதைவிட அழகான இடம் இருக்காது, எடுத்தார்களும். வாடகை வாழ்க்கை கடந்துபோன பிறகு, நல்ல வீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பவருக்கு அது இப்படித்தான் ஒளிரும். இன்னும் அதற்குள் இருப்பவருக்கு ஒளிராது. பெட்டியில் மடித்து எடுத்துப்போகும் வீடு என்ற கற்பனையே, எல்லைகளைச் சுலபமாகத் தாண்ட முடிந்த ஒருவரின் கற்பனை.

கொரியாவிலும் வாடகைக்கு அதற்கே உரிய கசப்புகள் உண்டு. ‘ஜோன்சே’ என்ற முறையில் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பார்கள். காலி செய்யும்போது பணம் திரும்ப வரவேண்டும். நம் ஊரில் வீட்டை ‘லீசுக்கு’ எடுப்பதும் இதுதான். பணம் திரும்ப வராத கதைகளும் இரு பக்கமும் ஒன்றே. சூவின் துணி வீடுகளுக்குள் இந்தப் பேச்சு வருவதே இல்லை.

தேய்த்து எடுத்த சுவர்

துணி வீடுகளைவிடக் கடுமையான இன்னொரு வேலை சூவிடம் உண்டு. ‘ரப்பிங்/லவிங்’ என்னும் தொடர். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுக்கும் பள்ளிக்கூட விளையாட்டுதான் இதன் முறை. கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பதும் இதற்கு நெருங்கிய உறவு: கல்லின் மேல் ஈரத்தாளை அறைந்து ஒட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து தாளில் ஏறிவரும். சூ ஒரு வீட்டின் சுவர் முழுவதும் தாள் ஒட்டி, பென்சிலால் தேய்த்து, பிறகு தாளை உரித்தெடுத்து மறுபடி வீடாக நிறுத்துகிறார். கொரிய நாக்குக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் பிரிவதில்லை. தேய்ப்பதற்கும் நேசிப்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகவே ஒலிக்கும். தலைப்பின் சிலேடை அது. சோல் வீட்டையே அவர் இப்படி வெளிப்புறம் முழுக்கத் தாள் சுற்றித் தேய்த்திருக்கிறார் (2013–2022).

இந்தத் தொடரில் இங்கே நமக்கு மிக நெருக்கமானது 2012இல் குவாங்ஜு பினாலேவுக்காகச் செய்தது. குவாங்ஜு திரையரங்கு ஊழியர்களுக்காக இருந்த, கைவிடப்பட்ட குடியிருப்பின் உட்புறம். அதாவது நிறுவனம் தந்த வீடு. சூவும் உதவியாளர்களும் கண்களைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவர்களைத் தேய்த்தார்கள். 1980 மே மாதம் குவாங்ஜுவில் மக்கள் எழுச்சியை ராணுவம் துப்பாக்கியால் அடக்கியது. பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசவே முடியாமல் இருந்தது. கண்கட்டு அந்த மறைப்பைக் குறிக்கிறது. ஆனால் அதைக் குறியீடாக மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை சிறுத்துவிடும். கண் தெரியாமல் தடவும் கை, அழகானது எது மலிவானது எது என்று பிரிக்காது. விரிசல், ஆணித்துளை, பெயர்ந்த பூச்சு, தாழ்ப்பாள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் தாளில் ஏறுகின்றன. துணி வீட்டில் இல்லாத ஒன்று இங்கே வருகிறது: குடியிருந்தவர்கள் சுவருக்குச் செய்தது. நம் லைன் வீடு ஒன்றை இப்படித் தேய்த்தால் பழைய ஆணித்துளைகளும் பசைக் கொக்கியின் வடுவும் வரும். முன்பு இருந்தவர் ஆழமாகக் கீறிவைத்த பால் கணக்கும் வரக்கூடும். வீட்டுக்காரரின் சுவரில், அவர் அனுமதி இல்லாமல் ஏறிய எழுத்து.

18,720 படுக்கைகள்

2000ஆம் ஆண்டில் சூ ஒரு சுவர்த்தாள் செய்தார், ‘ஹூ ஆம் வீ?’ என்று. தள்ளி நின்று பார்த்தால் மெல்லிய புள்ளிகள் போட்ட சாதாரணச் சுவர்த்தாள். யார் வீட்டுக் கூடத்திலும் ஒட்டலாம், கண்ணை உறுத்தாத நல்ல ரசனை. கிட்டப் போனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முகம். கொரியப் பள்ளி ஆண்டுமலர்களில் இருந்து எடுத்த பல்லாயிரம் மாணவர் படங்கள். ரசனையான சுவர் என்பது எத்தனை முகங்களைத் தூரத்தில் வைப்பதால் கிடைக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு வேலை அவரிடம் இல்லை.

2021 டிசம்பரில் இந்த முகங்கள் கிட்ட வந்தன. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெரிசலான அறைகள், தரையில் படுக்கை என்று விடுதிகளின் நிலை அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த ஆலையின் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டிய பெண்கள் விடுதியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர், மொத்தம் 18,720 படுக்கைகள்.

தரையிலிருந்து கட்டிலுக்கு வந்தது சிறிய மாற்றமல்ல. அதை இளக்காரமாகப் பேச, சொந்தக் கட்டிலில் படுத்து எழுதும் யாருக்கும் உரிமை இல்லை. கேள்வி அதற்கடுத்தது. ஓர் அறையில் 6 பேர் என்றால், சுவர் யாருடையது? லைன் வீட்டில் ஆணி அடிக்க விடாத வீட்டுக்காரரோடு சண்டையாவது போடலாம். இங்கே சண்டை போட ஆள் இல்லை, விதிமுறைப் பலகைதான் இருக்கும். இத்தகைய விடுதிகளில் ரசனை சுவரை விட்டு இறங்கிப் பொருட்களின் மேல் உட்காருகிறது: போர்வையின் நிறம், நெயில் பாலிஷால் பெயர் எழுதிய வாளி, போன் உறையின் பின்னால் செருகிய படம், அடையாள அட்டைக் கயிற்றில் தொங்கும் பொம்மை. ஷிப்ட் பேருந்தில் கூடவே போய்வரும் அலங்காரம் இது. சூவின் துணி வீடுகளில் விலக்கப்பட்ட பொருட்களின் பட்டியலும் இதுவேதான். அவர் முறையில் இந்த அறையைத் தைத்தால் நடந்து போகக்கூடிய, ஒளி ஊடுருவும், அழகான, ஆளில்லாத ஓர் அறை கிடைக்கும். 6 பேரில் ஒருவர்கூடத் தன் அறை என்று அதை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார்.

ராபின் ஹூட் கார்டன்ஸ்

இந்தக் குறை சூவுக்குத் தெரியாதது அல்ல என்று நினைக்க அவருடைய ஒரு படம் இடம் தருகிறது. கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில், உள்ளாட்சி கட்டிய ‘ராபின் ஹூட் கார்டன்ஸ்’ குடியிருப்பு 1972இல் முடிந்தது. வடிவமைத்தவர்கள் ஆலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதி. ஹாமில்டன் தம் வெட்டி ஒட்டிய வரவேற்பறையைச் செய்தது ‘திஸ் இஸ் டுமாரோ’ என்னும் 1956ஆம் ஆண்டுக் காட்சிக்காக. அதே காட்சியில் பங்கெடுத்தவர்கள் இவர்கள். அதே ஆண்டு ஒரு வீட்டுப் பொருள் கண்காட்சியில் ‘எதிர்கால வீடு’ ஒன்றையும் நிறுத்திக் காட்டினார்கள். ராபின் ஹூட் கார்டன்ஸ் பூச்சில்லாத கான்கிரீட்டால் ஆனது. கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள், வெளியே இருந்த பலர் சிறைச்சாலை என்றார்கள். உள்ளே, பெரும்பாலும் வங்கதேசக் குடும்பங்கள் உட்பட, உழைக்கும் மக்கள் இருந்தார்கள். 2017இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில், இடிப்புக்கு முன் சூ அங்கே போய் 2018இல் ஒரு படம் செய்தார். டேட் காட்சியிலும் அது இருந்தது. கேமரா சுவர்களை ஊடுருவிச் செல்வது போல ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. ஆனால் ஒவ்வொன்றும் வேறு. ஒரு வீட்டில் திரைச்சீலையும் குஷனும், இன்னொன்றில் அடுக்கிய பெட்டிகள், இன்னொன்றில் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். கட்டடக் கலைஞரின் ரசனை எங்கே முடிகிறது, குடியிருப்பவரின் ரசனை எங்கே தொடங்குகிறது என்பது வீடு வீடாகத் தெரிகிறது. சொந்த வீட்டைத் தைக்கும்போது சூ வெளியே வைத்த எல்லாம், அடுத்தவர் வீட்டைப் படமெடுக்கும்போது உள்ளே வந்துவிட்டது. டேட் காட்சியில் அதிகம் படமெடுக்கப்பட்டது ‘நெஸ்ட்/ஸ்’ ஆக இருக்கலாம். அதிகம் சொல்வது இந்தப் படம்.

அருங்காட்சியகம் 2017இல் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடி உயரத் துண்டு ஒன்றையும் வாங்கியது. 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில் திறக்கப்பட்ட அதன் புதிய சேமிப்பகத்தில் கான்கிரீட் முகப்பின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டிருக்கிறது. கட்டியவர்களின் வேலை அங்கே பத்திரமாக இருக்கிறது. திரைச்சீலைகளும் குஷன்களும் குடியிருந்தவர்களோடு போய்விட்டன, அவற்றைப் பார்க்க சூவின் படத்தைத்தான் போட வேண்டும்.